கல்லைக் கொண்டுவந்த தூதர்

புக்கிட் மெர்தாஜாம் குன்றுகளின் பின்னிருந்து எழுந்த இளங்கதிர், நீரிணையில் பொன்னை உருக்கி வார்த்தாற்போல் பரந்து, கரையேறும் படகுகளின் முகப்பைத் தடவி, பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுன் கடைத்தெருவின் ஓட்டுக் கூரைகளில் வந்தமர்ந்த வேளையில், ஏலமும் கிராம்பும் மணக்கும் அத்தெருவின் வணிகப் பெருமக்கள் கதவு திறந்துகொண்டிருந்தனர். நயமறிந்த அன்பரே, வருவோரை மலர்ந்த முகத்தோடு வரவேற்று, வெறுங்கையோடு வழியனுப்புவதில் அவர்க்கு நிகர் அவரே!

அன்று அங்கு வந்தவள் ரெகேமா. ஆப்பிரிக்கக் கீழைக்கரையில் பிறந்து, அத்தீவின் கெலுகோர்ப் பல்கலைக்கழகத்தில் ஐந்தாண்டு தங்கி, தன் கரையின் மணப்பாட்டுகளைத் தமிழ் மகளிர் பாட்டுகளோடு ஒப்பிட்டு ஆய்ந்து முனைவர் பட்டம் பெற்று, அங்கு ஹமீதா என்பாரின் உணவுக்கடையில் குழம்புச் சோற்றோடு குறும்புத் தமிழும் உண்டு தேறி, பின் தன் நாட்டுத் தேர்வில் வென்று தூதரகப் பணி ஏற்றவள். பாட்டுப் படித்தவளுக்கு வணிகத்தில் என்ன வேலை என்று சிரித்த தூதரக மேலோர், சிரித்தவாறே தீராச் சிக்கலொன்றை அவள் தலையில் ஏற்றினர். சென்ற ஆண்டு அவள் நாட்டு முந்திரிக்கொட்டை மூட்டைகளில் கல் கலந்திருந்ததால், அக்கரைச் சரக்கையே தொடுவதில்லை எனப் பினாங்கு வணிகர் முடிவு கட்டியிருந்தனர். அவர் மனம் மாறாவிடில், இவ்வாண்டு விளைச்சல் உழவர் வீட்டிலேயே கிடந்து மட்கும். முன்னர் வந்த தூதர் இருவர் வண்ணப்படம் விரித்துச் சரக்கின் புகழ் பாடி, தேநீர் மட்டும் பருகித் திரும்பியிருந்தனர்.

வணிகர் தலைவர் முகம்மது கனி, பேச்சின் கடைசியில் மலாய் 'லா' ஒட்டும் பினாங்கு வழக்கோடு இருக்கை காட்டினார். "உக்காருங்க மேடம். தேத்தண்ணி குடிங்க. முந்திரிய மட்டும் பேசாதீங்க லா."

"முந்திரி பேச வரலண்ணே. கல்லு பேச வந்தேன்."

கூறியவள், பை அவிழ்த்து, சென்ற ஆண்டு மூட்டைகளில் கிடந்த கற்களை மேசைமேல் கொட்டினாள்.

"இது ஆத்துக் கல்லு, எடை கூட்டத் தரகர் போட்டது. இது களத்த ஒழுங்கா கூட்டாம வந்தது. இது எங்க துறைமுகக் கிடங்குல போட்டது. போட்டவன் எங்க அரசாங்கத்து ஆளு. இப்ப வேலையில இல்ல."

அருகிருந்த மிளகு வணிகர் தங்கராஜு வாய்பிளந்தார். "நாப்பது வருசமா யாவாரம் பண்றேன். தன் சரக்கத் தானே திட்ற ஆள இப்பத்தான் பாக்குறேன்!"

"எங்க ஊர்ல கல்யாணத்தன்னிக்குப் பொண்ணு வீட்டாளுங்க வாசல்ல நின்னு பொண்ணோட குறையைத்தான் பாடுவாங்க. சமைக்கத் தெரியாது, தூங்குமூஞ்சி, வாயாடி. மாப்பிள்ளை வீட்டாளுங்க, 'போதும், பொண்ணக் கூட்டிட்டு வாங்க'ன்னு சொல்ற வரைக்கும் விடமாட்டாங்க. நான் இன்னும் முடிக்கலண்ணே. பாதி மூட்டை ஈரம். கப்பல் பதினோரு நாள் தாமதம். கடுதாசி போட்டீங்க, எங்காளுங்க பதிலே போடல. அப்புறம்..."

எதிரே அமர்ந்த வணிகர் எழுவர் முகங்களிலும், காற்றுப்பட்ட குளம்போல் நகை நெளிந்தது. கனி வயிறு குலுங்கச் சிரித்து, இருகையும் உயர்த்தினார்.

"போதும்மா, போதும்! பொண்ணக் கூட்டிட்டு வா லா! ஆனா ஒண்ணு, ஒவ்வொரு மூட்டையும் எங்காளு முன்னாடி பிரிச்சுக் கொட்டணும்."

"கொட்ட சாக்கு நானே விரிக்கிறேன், அண்ணே."

வாங்க வந்தோர் எத்துணைப் பெரியவராயினும் இருக்கை விட்டெழாத அவ்வணிகர் எழுவரும், அன்று எழுந்து தெருவிறங்கி, அவள் மகிழுந்து வரை நடந்து வழியனுப்பினர். அக்கரையில் மட்கவிருந்த விளைச்சல் அத்திங்களே கப்பலேறியது. சிரித்த மேலோர் வாழ்த்துமடல் விடுத்தனர். தன் நாட்டின் மாசைத் தன் வாயால் உரைக்க நாணாத அப்பெருமகள், அந்நாட்டின் மானத்தைத் தலைநிமிர்ந்து சுமந்து சென்றாள். அவளை ஈன்ற கரை வாழ்க. அவள் ஆய்ந்த பாட்டும் வாழ்க.