பூசாரி மைக்கில் மாட்டிய கிட்டார் பெடல்

ரந்தாவ் செம்பனைத் தோட்டத்துக் கோயிலில் பூசாரி சன்னாசியின் குரல் மைக்கிலும் எடுபடவில்லை. கிட்டார் ஓசையைக் கூட்டத் தானே செய்த பெடலைத் தோட்டத்து இளைஞன் ரவிச்சந்திரன் கொண்டுவந்து மைக்கோடு இணைத்தான். முந்தின நாள்தான் ஒரு ரெசிஸ்டரை மாற்றி அதன் சக்தியை இரட்டிப்பாக்கியிருந்தான்.

மந்திரம் கணீரென்று கேட்டது. ரவிக்குப் பெருமை தாங்கவில்லை. பிறகு பூசாரி மைக்கை மறந்து உதவியாளிடம் கிசுகிசுத்தது செம்பனைக் காடு வரை கேட்டது.

"வடை கொஞ்சந்தான் இருக்கு லா. நமக்குப் பத்து ஒளிச்சு வை."

தீபாராதனையை விட்டுவிட்டுக் கூட்டம் சமையல் கொட்டகைக்கு ஓடியது.

ரவி பதறிப்போய்ப் பெடலைக் கழற்றப் போனான். சன்னாசி அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கழட்டாத தம்பி. ஓடுனவங்கள மொதல்ல திருப்பிக் கூப்பிடணும்."