கப்பலை நிறுத்திய மத்தியானம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் உள்ளத்தில் ஊற்றெடுத்தது என்று நான் சொன்னால் நம்பாதீர்கள். மாட்டுங்கா மார்க்கெட்டில் முகம்மது ஹனீபின் மின்விசிறிக் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது இது என் தலையில் கட்டப்பட்டது. எங்கள் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலருக்குப் பின்னட்டை விளம்பரம் கேட்டுப் போயிருந்தேன்.

"தாரேன் அண்ணாச்சி. ஆனா உள்ள ஒரு கதை வேணும். வீட்ல பழைய மிஷின் ஒண்ணு லொடலொடன்னு கெடக்கு. அதத் தூக்கிக் கடாசிட்டுப் புதுசு மாட்டுறாங்க. எல்லாரும் குஷி. பஸ், கலாஸ், அவ்ளோதான்."

"கதைன்னா ஒரு பிரச்சினை வேணுமே பாய்."

"பழைய மிஷின்தான் பிரச்சினை. அதுக்கு மேல என்னத்துக்கு?"

நியாயமான கேள்வி. இன்னொரு டீ வாங்கிக் குடித்துவிட்டு வந்தேன்.

2

முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

'மாட்டுங்கா கட்டடமொன்றின் மூன்றாம் மாடியில், வெள்ளைக்கார மேனேஜர் ஊருக்குப் போகும்போது விற்றுவிட்டுப் போன ஏர்கண்டிஷனரின் குமிழை வேங்கடசுப்ரமணியன் மெல்லத் திருப்பியபோது'

நிறுத்திவிட்டேன். அந்த மாதிரி வீட்டில் நான் வாசலைத் தாண்டிப் போனதில்லை. உள்ளே போனவர்கள் எங்கே உட்கார்வார்கள், செருப்பை எங்கே விடுவார்கள் என்றுகூடத் தெரியாது. வேங்கடசுப்ரமணியன் என்னை மன்னிக்க வேண்டும். அவரைக் குமிழும் கையுமாக அங்கேயே நிறுத்திவிட்டு தாராவிக்கு வந்துவிடுகிறேன். என் பக்கத்து அறையிலேயே ஒரு பழைய மிஷின் இருக்கும்போது நான் ஏன் மாடி ஏற வேண்டும்?

3

அந்த மிஷினின் பெயர் கப்பல். பெற்றவன் தனசீலன், ஒரு ஒர்க்ஷாப்பில் ஃபிட்டர். சோர் பஜார் பழைய சாமான் கடையில் கிடைத்த விசிறி ஒன்றைத் தகரப் பெட்டிக்குள் முடுக்கி, பெட்டியை ஜன்னலில் பொருத்தியிருந்தான். கோடையில் முன்னால் வெட்டிவேர்த் தட்டியைக் கட்டித் தண்ணீர் ஊற்றினால் குளிர்ந்த காற்று வரும். மழைக்காலத்தில் தட்டியைக் கழற்றிவிட்டுப் பின்னால் ஹீட்டர் கம்பியை மாட்டினால் சூடான காற்று வரும். நாலு நாளாகக் காயாத துணி ஒரு ராத்திரியில் காய்ந்துவிடும். இரண்டு பருவத்துக்கும் பொதுவானது அதன் சத்தம். கப்பல் துறைமுகத்தை விட்டுப் புறப்படுகிற மாதிரி கிளம்பும், புறப்பட்டுக்கொண்டே இருக்கும்.

அறை ஒன்று. நடுவில் ஒரு சேலைத் திரை. இந்தப் பக்கம் தனசீலனும் அவன் மனைவி லூசியம்மாளும். அந்தப் பக்கம் அவன் அம்மா சவரியம்மாள். அறைக்கும் என் அறைக்கும் நடுவே பலகைச் சுவர்.

(சத்தம் எனக்குத் தொந்தரவாக இருந்ததா என்று கேட்கிறீர்களா? இரண்டு வருஷம் இருந்தது. அப்புறம் அது இல்லாமல் தூக்கம் வரவில்லை.)

4

இப்போது ஹனீபின் கட்டளைப்படி புதுசு வருகிறது. தனசீலனே போய் ஹனீபிடம் பேசி ஒரு கூரை விசிறி கொண்டுவந்தான். ஒரு வாரம் மாட்டிப் பார்ப்பது, பிடித்தால் வைத்துக்கொள்வது என்று ஏற்பாடு. 'குடும்பமே மகிழ்ச்சியில் திளைத்தது' என்று எழுதி

அடித்துவிட்டேன். நடந்தது வேறு.

"இதுல துணி காயுமா? மழை வந்தா என்ன செய்யதாம்?" என்றாள் லூசி.

"எனக்கு மூட்டுவலி இருக்குல்லா. அந்தச் சூட்டுக் காத்து பட்டாத்தான் கால மடக்க முடியும்" என்றாள் சவரியம்மாள்.

கல்யாணமான நாளிலிருந்து மாமியாரும் மருமகளும் ஒரே கட்சியில் நின்றது அன்றைக்குத்தான். தனசீலன் மிரண்டுபோனான். "என்ன அண்ணாச்சி இது, வீட்டுக்கு நல்லது செஞ்சா ரெண்டு பேரும் சண்டைக்கு வாராவ?" என்று என்னிடம் வந்து புலம்பினான். புதுசு சத்தமே போடாது என்று விளக்கினான். அவன் அதை விளக்க விளக்க அவர்கள் முகம் இருண்டது.

ஆண் பிள்ளைக்கு இது புரியாது. எனக்கும் புரியவில்லை, எழுதுகிறபோதுதான் புரிந்தது. அந்த அறையில் லூசிக்கென்று இருந்த ஒரே கதவு கப்பலின் சத்தம்தான். புருஷனிடம் ஒரு வார்த்தை அந்தரங்கமாகப் பேச வேண்டுமென்றால் கப்பல் ஓட வேண்டும். அந்த மே மாதம் முழுக்க அவள் பேசிக்கொண்டிருந்தது ஒன்றே ஒன்று: தூரத்தில் பாண்டுப்பில் ஓர் அறை காலியாக இருக்கிறது, நாம் இரண்டு பேர் மட்டும் போய்விடலாம். அத்தையை ஊரில் அவருடைய மூத்த மகள் பார்த்துக்கொள்வாள். திங்கட்கிழமை சாயங்காலத்துக்குள் அறைக்காரருக்குப் பதில் சொல்ல வேண்டும்.

தனசீலன் ஒவ்வொரு ராத்திரியும் "பார்ப்போம்" என்பானாம்.

(ஒரு சின்ன விஷயம். இதை எங்கே சொருகுவது என்று தெரியாமல் இங்கே போடுகிறேன். புது விசிறி வருவதற்கு முன்பு ஒரு நாள், மீன்காரியிடம் பேரம் பேசிக்கொண்டிருந்த சவரியம்மாள் சம்பந்தமே இல்லாமல் என்னைப் பார்த்து, "பாண்டுப் பக்கம்லாம் கொசு ஜாஸ்தியாமே மக்கா?" என்றாள். கொசு எங்கேதான் இல்லை? நான் அப்போது கவனிக்கவில்லை.)

5

ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து, கறிக்குழம்பும் சோறும் முடிந்து, மத்தியானத் தூக்கம். தனசீலன் கப்பலின் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் புது விசிறியைப் போட்டான்.

ஐயோ, அந்த அமைதி! யாரோ எச்சில் விழுங்குவது பலகைக்கு இந்தப் பக்கம் கேட்கிறது. தெருக் குழாயில் சொட்டு விழுவது கேட்கிறது. தனசீலன் ஐந்து நிமிஷத்தில் குறட்டை விட்டான். ஹனீபின் விளம்பரத்துக்கு உண்மையான சாட்சி அவன் ஒருவன்தான்.

லூசி அவனை உலுக்கி எழுப்பப் போனாள். பாண்டுப்புக்கு என்ன பதில் என்று கேட்க வாயைத் திறந்தாள். அப்போது திரைக்கு அந்தப் பக்கமிருந்து சவரியம்மாளின் குரல் வந்தது. அவள் பேசியது செத்துப்போன தன் புருஷனிடம். தினமும் கப்பல் சத்தத்தில் பேசுவாள்போல.

"கேக்கேளா? ஒங்க மவன் ஒரு மடையன். ஆனா இந்தப் பிள்ள நல்ல பிள்ள. என் காலுக்கு எண்ணெய் தேய்க்கையில மொகம் சுளிச்சதே இல்ல. நான் தூங்கிட்டேன்னு நெனச்சுப் போர்வைய இழுத்து விடுதா. இத அவகிட்டச் சொன்னா தலைமேல ஏறி ஒக்காந்துக்கிடுவா, அதான் ஒங்ககிட்டச் சொல்லுதேன். அவ போயிட்டான்னா எனக்கு யாரு இருக்கா?"

லூசி திறந்த வாயை மூடிக்கொண்டாள். அழுதாள். எனக்கும் கண் கலங்கியது. காதை மட்டும் பலகையிலிருந்து எடுக்கவில்லை.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். மாமியார் மருமகள் கட்டிப்பிடித்து, மேலே ஹனீபின் விசிறி சத்தமில்லாமல் சுற்றி, பஸ், கலாஸ்.

6

முடியவில்லை. சாயங்காலம் லூசி என் வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணாச்சி, நீங்களும் கேட்டீங்கல்லா?"

"எதை?" என்றேன். எழுத்தாளனுக்கும் கொஞ்சம் மானம் உண்டு.

"சும்மா இருங்க. ஒங்க கட்டில் பலகையில இடிச்சது எனக்குக் கேட்டுச்சு. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அத்தை தெரிஞ்சு சொன்னாவளா, தெரியாமலா?"

"அப்படின்னா?"

"கப்பல் ஓடுற நெனப்புல, பழக்கத்துல பேசிட்டாவன்னா அது நெசம். நான் பாண்டுப் போக மாட்டேன், இந்தக் காலடியிலயே கெடப்பேன். ஃபேன் ஓசை போடலன்னு தெரிஞ்சே, எனக்குக் கேக்கட்டும்னு பேசியிருந்தா அது நாடகம். நாளைக்கே பொட்டியக் கட்டிருவேன்."

தெரிந்து சொன்னது உண்மையாகவும் இருக்கலாமே என்று சொல்ல நினைத்தேன். 

என் பாத்திரம் என்னிடமே வந்து கேட்கிறாள், எனக்குத் தெரியவில்லை. வெட்கக்கேடு. அதனால் கதாசிரியர்கள் செய்யக்கூடாததைச் செய்தேன். நேரே உள்ளே போய் சவரியம்மாளிடமே கேட்டேன். லூசி எனக்குப் பின்னால் நிலைப்படியில் நின்றாள். கப்பல் பிளக் இல்லாமல் ஜன்னலில் கிடந்தது. மேலே புது விசிறி. கொசு பறந்தால் கேட்கும்.

"ஏன் ஆச்சி, மத்தியானம் பேசினது லூசிக்குக் கேக்கும்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

சவரியம்மாள் வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டே தலையை நிமிர்த்தினாள். என்னைப் பார்த்தாள். எனக்குப் பின்னால் நின்றவளையும் பார்த்தாள். விரலால் மேலே காட்டினாள்.

"என்ன கேட்டே மக்கா? இந்த ஃபேன் சத்தத்துல ஒண்ணுமே வெளங்கல."

7

ஹனீப் பாய், உங்கள் விசிறியின் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை.

வாசகரே, நாளை திங்கட்கிழமை. சாயங்காலத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். லூசி இன்னும் நிலைப்படியில்தான் நிற்கிறாள். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருக்கிறாள். நான் நடுவிலிருந்து விலகிக்கொள்கிறேன். நீங்கள் வந்து அவளிடம் ஏதாவது சொல்லுங்கள். கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்கள், உள்ளே ஆச்சிக்குக் காது நன்றாகக் கேட்கும்.