மூன்றாம் குளத்தின் பதில்

1

இது கதையாகத் தொடங்கவில்லை. மூன்றாம் குளத்து இறால்கள் செத்தது எப்படி என்று ஒரு பக்கத்தில் எழுதித் தரும்படி பண்ணை முதலாளி நொலீன் கேட்டார். பண்ணையின் மீட்டர்களுக்கு நான்தான் பொறுப்பு. அறிக்கை எழுத உட்கார்ந்தேன். பொய் சொல்ல வசதியாக இருந்ததால் கதைப் பக்கம் நகர்ந்துவிட்டேன்.

முதல் தொடக்கம்: "கிறிஸ்துமஸுக்கு மூன்று வாரமே இருந்த ஒரு காலை, குவீன்ஸ்லாந்துக் கரையோரம் வானம் மூடிக்கிடக்க..."

வேண்டாம். வானத்தின் மேல் பழி போடப் பார்க்கிறேன்.

2

ஆறு குளம், ஆறு மீட்டர், எல்லாவற்றுக்கும் ஒரே கம்பி. எந்த மீட்டரும் தானாக வாய் திறக்காது. கணினி ஒரு கட்டளையைச் சின்னப் பொட்டலமாகக் கட்டி அந்தக் கம்பியில் அனுப்பும்: மூன்றாம் எண்ணே, தண்ணீரில் ஆக்சிஜன் எவ்வளவு? மூன்று மட்டும் பதில் பொட்டலம் அனுப்பும். பிறகு நான்கிடம் கேள்வி. ஆக்சிஜன் குறைவாக இருக்கும் குளத்தில், தண்ணீரில் காற்றைக் கலக்கும் சக்கரம் தானாகச் சுழலும்.

(எங்கள் மீட்டர்கள் மலிவு ரகம். பதிலில் அளவு இருக்கும், வழியில் எதுவும் சிதையவில்லை என்று காட்டும் சரிபார்ப்பு எண் இருக்கும். அனுப்பியவர் பெயர் இருக்காது.)

3

கெரின் என்ற பாத்திரத்தில்தான் எனக்குச் சந்தேகம். இவ்வளவு பொறுமைசாலியை யார் நம்புவார்கள்? ஆனால் அவள் அப்படித்தான். காலைப் பொறுப்பு அவளுடையது. அன்று ஆறு மணிக்கு, சேற்றுப் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் என் அறைக்கு வந்தாள்.

"பார்னி, மூணுல இறால் எல்லாம் மேல வந்து தவிக்குது. சக்கரம் நாலுல சுத்துது. மூணுல நான் கையால போடட்டுமா?"

திரையைப் பார்த்தேன். மூன்று நன்றாக இருந்தது.

"ஒண்ணையும் தொடாத. மீட்டர் பொய் சொல்லாது."

மீட்டர் பொய் சொல்லவில்லைதான். மதியத்துக்குள் மூன்றாம் குளம் முழுக்க இறால்கள் வெள்ளையாகச் செத்து மிதந்தன. ஏன் சக்கரத்தைப் போடவில்லை என்று நொலீன் கெரினிடம் கத்தினார். கெரின் என்னைப் பார்த்தாள். நான் திரையைப் பார்த்தேன். சாயங்காலம் அவளுக்கு வேலை போயிருந்தது.

4

முந்தின வாரம் நடந்ததை இங்கே சொல்லியாக வேண்டும். (கதையின் தொடக்கத்தில் வரவேண்டியது இது. வேண்டுமென்றே தள்ளிப்போட்டேன்.)

"ஏம்ப்பா மேதை, உன் ஸ்கிரீன் ஏன் இப்படித் தூங்கி வழியுது?" என்று நொலீன் கிண்டல் செய்தார். ரோஷம் வந்து, ஒவ்வொரு பதிலுக்கும் கணினி காத்திருக்கும் நேரத்தைப் பாதியாகக் குறைத்தேன். மூன்றாம் மீட்டர் கிழடு, மெதுவாகத்தான் பேசும். அது பதில் சொல்வதற்குள் கணினி சலித்துப்போய் நான்கிடம் கேட்டுவிட்டது. மூன்றின் பதில் அப்போதுதான் வந்து சேர்ந்தது. பெயர் இல்லாததால் நான்கின் கணக்கில் விழுந்தது. நான்கின் பதில் ஐந்துக்கு. அப்படியே வரிசை முழுக்க ஒரு இடம் தள்ளிப்போய், இரண்டின் பதில் மூன்றுக்கு வந்தது. சரிபார்ப்பு எண் எல்லாவற்றிலும் சரியாகவே இருந்தது. மூச்சு முட்டியது மூன்றுக்கு, காற்று கிடைத்தது நான்குக்கு.

இறால்கள் செத்த பிறகு, நேரத்தைச் சத்தமில்லாமல் பழையபடி மாற்றிவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. வெட்கமாக இருக்கிறது.

5

முடிவு ஒன்று: நான் நொலீனிடம் உண்மையைச் சொல்கிறேன், கெரின் திரும்ப வருகிறா

(பாதியிலேயே நிறுத்திவிட்டேன். நடக்காததை எழுதக் கை வரவில்லை.)

நடந்தது இது. நேற்று கெரினுக்கு அடுத்தடுத்து மூன்று செய்தி அனுப்பினேன்.

"என்மேல கோவமா?"

"வேற வேலை கிடைச்சிடுச்சா?"

"தப்பு என்னோடதுன்னு நொலீன்கிட்ட சொல்லிடட்டுமா?"

இன்று காலை ஒரே ஒரு பதில் வந்தது.

"ஆமா."

எதற்கு ஆமா? காலையிலிருந்து தலையைப் பிய்த்துக்கொள்கிறேன். ஒவ்வொன்றாகக் கேட்டு, பதில் வரும்வரை காத்திருந்திருக்க வேண்டும். அது என் தொழில். இப்போதுகூட ஒன்றை மட்டும் திரும்பக் கேட்கலாம், கேட்கவில்லை. அது இரண்டாவது கேள்விக்கான பதிலாக இருந்தால் நான் வாய் திறக்கவே தேவையில்லை. அதைத்தான் நம்ப ஆசைப்படுகிறேன் என்பது உங்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும்.

வெளியே நொலீனின் வண்டி வந்து நின்றது. உள்ளே வந்து, கதவைப் பிடித்தபடியே கேட்கிறார்: "எழுதிட்டியா? மூணுல என்னதான் ஆச்சு?"

ஒரே கேள்விதான். யாரிடம் கேட்கிறார் என்பதிலும் குழப்பமில்லை. அவர் காத்திருக்கிறார். எவ்வளவு நேரம் காத்திருப்பார் என்று தெரியாது. இந்தத் தாளை அவரிடம் நீட்டுவதா, மடித்துப் பையில் வைப்பதா? நீங்கள் இதைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். அப்படியென்றால் நான் எதைச் செய்திருப்பேன்?