நூறு மணி நேரம் ஓடவேண்டுமாம்

வந்தவன் உட்காரவில்லை. கூடத்தின் நடுவில் நின்று ஒரு தடவை கை தட்டினான். கொசு அடிக்கிறான் என்றுதான் நினைத்தேன். தட்டிவிட்டுத் தலையைச் சாய்த்துக் காத்திருந்தான். இரண்டடி தள்ளிப் போய் மறுபடியும் தட்டினான்.

"ரூம் கொஞ்சம் கத்துது" என்றான்.

எட்டு வருடமாக அந்த வீட்டில் இருக்கும் என் மாப்பிள்ளை, தன் வீடு கத்துகிறது என்பதை அன்றுதான் கண்டுபிடித்தவரைப் போல, "ஆமா சார், கத்துது" என்றார்.

இவனுக்குத் தங்கக்காது என்று பட்டப்பெயர். நான் வைத்ததல்ல. இவன் எழுதுவதைச் செல்போனில் படிக்கிற கூட்டம் வைத்தது. எந்தப் பெட்டியில் பாட்டு எப்படிக் கேட்கிறது என்று பக்கம் பக்கமாக எழுதுவானாம். வெல்வெட் மாதிரி, தேன் மாதிரி, பனி பெய்த காலை மாதிரி என்றெல்லாம் எழுதுவானாம். சத்தத்தைப் பற்றி எழுதச் சொன்னால் சாப்பாட்டையும் துணிக்கடையையும் பற்றி எழுதுகிறவனை நம்பி, கூரியர் ஆபீசில் மூட்டை மூட்டையாகப் பார்சலை எண்ணி வாங்கும் ஒரு மனிதர், எடை குறைந்தால் பிடித்துவிடும் ஒரு மனிதர், என் மாப்பிள்ளை, இரண்டு வருடம் ஏங்கி இந்தப் புதுப் பாட்டுப்பெட்டிகளை வாங்கியிருந்தார். அதிலும், வாங்கும்முன் ஒரு நிமிடம்கூடக் கேட்டுப் பார்க்கவில்லை.

நான் ஐந்தாவது வரைதான் படித்தேன். நாற்பத்தொரு வருடம் மோட்டாருக்குக் காயில், அதாவது செப்புக்கம்பிச் சுருள், சுற்றினேன். மோட்டாரைப் பற்றி யாரும் எனக்கு எழுதிக் காட்டியதில்லை. அது தெருவில் வண்டியிலிருந்து இறங்குமுன்பே, கொண்டுவருகிறவனிடம் "ஓடவிட்டுக் காட்டு" என்போம். உறுமினால் ஒரு காயில் தலைகீழ். சீறினால் பேரிங். அவ்வளவுதான் படிப்பு. எங்கள் பட்டறையில் ஆறு பேர். புகை வந்தால் யார் கை பட்டது என்று தெரியவேண்டும் என்பதற்காக முதலாளி ஆளுக்கு ஒரு நிறத்தில் டேப்பு கொடுத்திருந்தார். தொட்ட கம்பியில் அவரவர் டேப்பைச் சுற்றிவிட வேண்டும். என் நிறம் சிவப்பு. வேலையை விட்டு வந்தும் கை விடவில்லை. இந்த வீட்டு மிக்சி, மின்விசிறி, இஸ்திரிப்பெட்டி எல்லாவற்றின் வாலிலும் சிவப்பு டேப்பு இருக்கும். "அப்பா கையெழுத்து" என்பாள் மகள்.

மனைவி போனபின் மகள் வீட்டுக்கு வந்தபோது ஒரு பெட்டி துணியும், நானே செய்த இரண்டு பாட்டுப்பெட்டிகளும் கொண்டுவந்தேன். உடைந்த பீரோவின் பலகையை அறுத்து, மூடப்போகும் ஒரு கடையிலிருந்து ஸ்பீக்கர் வாங்கி, பஞ்சடைத்துச் செய்தவை. எட்டு வருடம் மாப்பிள்ளை அதில்தான் பாட்டுக் கேட்டார். கேட்கும்போது அவருடைய இடதுகால் கட்டைவிரல் தாளம் போடும். அது அவருக்கே தெரியாது. எனக்குத் தெரியும்.

"புதுசு வந்தா பழசு போகணும்பா. இது கூடமா குடோனா?" என்றாள் மகள்.

"எது நல்லாருக்கோ அது இருக்கட்டும். ரெண்டையும் கேட்டுட்டு முடிவு பண்ணுங்க" என்றேன்.

மாப்பிள்ளை யோசித்தார். "சார் வந்து கேட்டுச் சொல்லட்டும், மாமா."

வீட்டில் மூன்று ஜோடிக் காது இருந்தது. தீர்ப்புக்கு ஆள் வெளியிலிருந்து.

அப்படி வந்தவன்தான் கைதட்டிக்கொண்டிருந்தான். பிறகு பையிலிருந்து வெள்ளியைப் பின்னிய மாதிரி இரண்டு கம்பிகளை எடுத்தான். பாம்பாட்டிகூடப் பாம்பை அவ்வளவு பதவிசாக எடுக்கமாட்டான். கம்பிமேல் சின்னதாக அம்புக்குறி போட்டிருந்தது. சத்தம் எந்தத் திசையில் ஓடவேண்டும் என்பதற்கு அடையாளமாம். அம்பு பெட்டியைப் பார்த்திருக்கவேண்டுமாம். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, டார்ச்சு அடித்து, நாலு முனையிலும் அம்பைச் சரிபார்த்தான். பிறகு பெட்டிகளுக்குப் பின்னால் மல்லாந்து படுத்துத் தானே மாட்டினான். மாப்பிள்ளை டார்ச்சைப் பிடித்தார்.

பாட்டு ஓடியது. தங்கக்காது கண்ணை மூடினான். மாப்பிள்ளையும் மூடினார். நான் மூடவில்லை. கண்ணைத் திறந்துகொண்டே எனக்குக் காது கேட்கும்.

எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. பாடுகிறவன் குரல் என் இரண்டு காதுக்கும் பின்னால் எங்கோ இருந்தது. தாளம் காலி அட்டைப்பெட்டியைத் தட்டுகிற மாதிரி இருந்தது.

"என்னா ஒரு அகலம்" என்றான் தங்கக்காது. "சுவரே காணாமப் போயிடுச்சு."

"பாடுறவன் எங்க நிக்கிறான், தம்பி?" என்றேன்.

"எங்கயும் நிக்கலங்கய்யா. அதான் விஷயமே. ரூம் முழுக்கப் பரவியிருக்கான்."

"பரவுறதுக்கு அவன் என்ன கொசுமருந்துப் புகையா?"

மகள் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அர்த்தம் எனக்குத் தெரியும்.

"கும்முனு வர்ற அடிச் சத்தத்தையே காணோம்" என்றேன். அதை மட்டும் அடக்க முடியவில்லை.

"நூறு மணி நேரம் ஓடணும், ஐயா. புதுசு இல்லையா? அதுக்கப்புறம்தான் சத்தம் திறக்கும்."

"நூறு மணி நேரம் கழிச்சுச் சரியா ஓடும்னு நான் ஒரு மோட்டாரைக் குடுத்திருந்தா, கொண்டுவந்தவன் அதாலயே என்னை அடிச்சிருப்பான்."

அவன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் கொஞ்சம் மரியாதை வந்திருக்கும். சிரித்தான். "அறுபது தாண்டினா மேல்சத்தம் காதுல ஏறாதுங்கய்யா. உங்க தப்பில்ல" என்றான்.

மாப்பிள்ளையும் சிரித்தார். எட்டு வருடத்தில் என்னைப் பார்த்து அவர் அப்படிச் சிரித்ததில்லை. அவருடைய கட்டைவிரலைப் பார்த்தேன். செத்த எலி மாதிரி அசையாமல் கிடந்தது.

போகும்போது தங்கக்காது என் பெட்டிகளைப் பார்த்தான். ஓடவிட்டுக்கூடப் பார்க்கவில்லை. விரலால் ஒரு தட்டு. "பீரோ" என்றான். தீர்ப்பு முடிந்தது.

பழைய சாமான் எடுப்பவர் வியாழக்கிழமை வருவதாக மகள் சொன்னாள். "அது வரைக்கும் அந்தப் புதுசைத் தொட்டுடாதீங்கப்பா. ரெண்டு வருஷ ஆசை அவருக்கு. சத்தியம் பண்ணுங்க." சரி என்றேன். எங்கே தப்பு என்று எனக்கு அப்போதே சந்தேகம் இருந்தது. கம்பியின் இரண்டு முனைக்கும் ஒரே நிறம். கூட்டல் எது, கழித்தல் எது என்று ஒரு புள்ளிதான் அடையாளம். அம்புக்கு அடித்த டார்ச்சை அந்தப் புள்ளிக்கு அடிக்கவில்லை அந்த மேதை. கழுதைக்குக் கற்பூர வாசனை தெரியாது என்பார்கள். கற்பூரத்தை விற்கிறவனுக்கும் தெரியாதுபோல.

மூன்று நாள் மாப்பிள்ளை ஆபீசிலிருந்து வந்ததும் அதன் எதிரே உட்கார்ந்தார். பாட்டை ஓடவிட்டு, தங்கக்காது எழுதியதைச் செல்போனில் ஒரு வரி படிப்பார். நிமிர்ந்து கேட்பார். தலையை ஆட்டுவார். அடுத்த வரி படிப்பார். பார்சல் வந்த சீட்டைப் பார்த்துச் சாமான் சரிபார்ப்பது மாதிரி. சீட்டில் இருக்கிறது, பார்சலில் இல்லை. ஆனாலும் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். புதன்கிழமை பாதிப் பாட்டில் நிறுத்திவிட்டு, "காது அடைச்சிருக்கு போல" என்று மகளிடம் சொல்லிக் காதைக் குடைந்துகொண்டார். எவனோ சொன்னதை நம்பித் தன் காதையே குடைகிற மனிதனை என்ன சொல்வது?

வியாழக்கிழமை காலை மகளும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போனார்கள். சாமான்காரர் பதினொரு மணிக்கு வருவதாகப் பேச்சு. சத்தியத்தை ஓரமாக வைத்துவிட்டு, முழங்கால் முறுக்க, பெட்டிக்குப் பின்னால் குனிந்தேன். நினைத்தது சரி. இடதுபக்கப் பெட்டியில் கூட்டலும் கழித்தலும் தலைகீழ்; ஒரு பெட்டி தள்ளும்போது மற்றது இழுக்க, இரண்டின் சத்தமும் ஒன்றையொன்று தின்றுகொண்டிருந்தது. இரண்டு முனையைக் கழற்றி மாற்றி மாட்ட எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

என் திட்டம் வேறு. சரியாக மாட்டியும் இந்தப் பகட்டுப்பெட்டி என் பெட்டிக்கு உறை போடக் காணாது என்று என் காதால் கேட்டு உறுதி செய்துகொண்டு, சாமான்காரரை வாசலோடு திருப்பி அனுப்புவது. சாயங்காலம் மாப்பிள்ளைக்கு முன்னால் இரண்டையும் ஓடவிட்டு, தங்கக்காதின் பித்தளையை உரசிக் காட்டுவது.

பாட்டைப் போட்டேன்.

பாடுகிறவன் வந்து நடுவில் நின்றான். இரண்டு பெட்டிக்கும் நடுவில், சுவரில் காலண்டர் மாட்டிய இடத்தில், ஆள் உயரத்தில் நின்றான். வரிக்கு முன்னால் மூச்சிழுத்தது கேட்டது. பல்லவி முடிந்து அவன் வாயை மூடியதுகூடக் கேட்ட மாதிரி இருந்தது. அடிச் சத்தம் தரையில் இறங்கி என் உள்ளங்காலுக்கு வந்தது.

முழுப் பாட்டையும் கேட்டேன். பிறகு என் பெட்டிகளை மாட்டி அதே பாட்டைப் போட்டேன். அதே ஆள், பீரோவுக்குள் நின்று கதவைச் சாத்திக்கொண்டு பாடினான். மறுபடியும் புதுசு. மறுபடியும் பழசு. பஞ்சை அழுத்திப் பார்த்தேன், பெட்டியை நகர்த்திப் பார்த்தேன். நாலு தடவை மாற்றினேன். யாரோ சொல்லியிருந்தால் மறுத்திருப்பேன். சொன்னது என் காது. பக்கத்தில் வைத்துப் பார்க்க வேறொன்று இல்லாததால் இத்தனை வருடமாக அதை நல்ல சத்தம் என்று நம்பியிருக்கிறேன். பீரோ என்று அவன் கேட்காமலே சொன்னான். நான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அந்த வித்தியாசம் எனக்கு மட்டும்தான் முக்கியம்.

மணி பத்தே முக்கால். கம்பியைக் கையில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். பழையபடி தலைகீழாக மாட்டிவிட்டால் என்னைக் கேட்க ஆளில்லை. மாப்பிள்ளை இன்னும் நாலு நாள் காதைக் குடைவார், பிறகு அவராகவே என் பெட்டியைத் தேடுவார். சரியாக மாட்டினால் பாட்டு பிரமாதமாக இருக்கும். பெயர் யாருக்குப் போகும்? நூறு மணி நேரம் ஓடினால் திறக்கும் என்றவனுக்குப் போகும். பனைமரத்தில் காக்கை உட்காரப் பழம் விழும், காக்கை புத்தகம் எழுதும்.

வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. தலைகீழாக ஒரு கம்பியை வேண்டுமென்றே மாட்ட என் கைக்குத் தெரியவில்லை. சரியாகவே முடுக்கினேன். என் பெட்டிகளை ஒவ்வொன்றாக நானே வாசலுக்குத் தூக்கிப் போனேன்.

"நல்லா கனமா இருக்கே பெரியவரே. பாடுமா?" என்றார் சாமான்காரர்.

"பாடும். பீரோ எந்த அளவுக்குப் பாடுமோ அந்த அளவுக்கு."

அவர் சிரித்துக்கொண்டே ஏற்றினார்.

சாயங்காலம் மாப்பிள்ளை வந்தார். செல்போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து பாட்டை ஓடவிட்டார். நான் சமையலறை வாசலில் மகளுக்குப் பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். முதல் வரியில் நிமிர்ந்தார். செல்போனை மடியில் கவிழ்த்தார். இரண்டாவது சரணத்தில் இடதுகால் கட்டைவிரல் மெல்ல எழுந்தது. நான் பூண்டைப் பார்த்துக் குனிந்துகொண்டேன்.

பாட்டு முடியுமுன்பே தங்கக்காதுக்கு போன் போட்டுவிட்டார்.

"சார், திறந்துடுச்சு சார். இல்ல சார், நூறு ஆகல. பத்துப் பன்னெண்டு மணி நேரம்தான் ஓடியிருக்கும். அதுக்குள்ள. நீங்க சொன்னது அப்படியே நடந்துடுச்சு சார்."

மகள் என்னைப் பார்த்தாள். நான் தோலை ஊதினேன். போனின் அந்தப் பக்கம் தங்கக்காது என்னவோ கேட்டான்.

"அம்பா? ஒரு நிமிஷம் சார், பாத்துச் சொல்றேன்."

மாப்பிள்ளை பெட்டிக்குப் பின்னால் குனிந்தார். கழுத்தில் போனை இடுக்கிக்கொண்டு, வெள்ளிக் கம்பி நெடுக விரலை ஓட்டிக்கொண்டு போனார். கடைசி முனையில் விரல் நின்றது. நான் சுற்றியது எனக்கே நினைவில்லை. ஒன்றரைச் சுற்று, சிவப்பு, முனையை நகத்தால் அழுத்திவிட்ட தடம்கூட இருந்திருக்கும்.

போனுக்குள் தங்கக்காது ஹலோ ஹலோ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான். மாப்பிள்ளை அந்த முனைமேலேயே குனிந்திருந்தார். கட்டைவிரல் நகத்தால் அந்தச் சிவப்பை ஒருமுறை நெருடினார், பிரிக்கவில்லை. எங்கள் இருவருக்கும் நடுவில், காலண்டர் மாட்டிய இடத்தில், அந்த ஆள் அடுத்த வரிக்கு மூச்சிழுத்தான்.