அளக்காத காளான் சோறு

அன்சாய் தெட்சுரோவின் ஜன்னலில் ஈ கூட உட்காரவில்லை. பக்கத்து ஜன்னலில், நிஹேய் கனாயேவின் முன்னால், கமிசவா கிராமமே கூடையும் கையுமாக நின்றது.

இரண்டு ஜன்னலுக்குப் பின்னாலும் ஒரே மாதிரி இயந்திரம்தான். கடலோரத்து அணு உலை வெடித்த மறு வருஷம் வாங்கியவை. தோட்டத்திலும் மலையிலும் கிடைப்பதை ஊரார் கொண்டுவருவார்கள். அதைப் பொடியாக நறுக்கி, டப்பாவில் அடைத்து, ஈயக் கூண்டுக்குள் இறக்கி, அதில் கதிர்வீச்சு எத்தனை பெக்கரல் என்று சொல்ல வேண்டும். நூறைத் தாண்டினால் ஆகாது. கனாயே சொல்லும் எண்ணும் அன்சாய் சொல்லும் எண்ணும் வேறாக இருக்க முடியாது. அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. எண்ணைக் குறைத்துச் சொல்லி நல்ல பேர் வாங்கினாள் என்றால் பிடித்துக் கொடுத்துவிடலாம். அவளோ சரியாகச் சொல்லியே நல்ல பேர் வாங்கினாள்.

"உங்க காளான் நூத்தி நாப்பது, யூசா-சான். ஐயோ, என்ன வாசம்! தூக்கிப் போடச் சொல்ல எனக்கே மனசு வரலை," என்றாள் கனாயே.

"நீ சொன்னா சரிதான் கனாயே-சான். போகட்டும் விடு. இந்தா, தைவான்ல இருந்து மக அனுப்பின அன்னாசி கேக்கு. இதுக்கு மெஷின் வேணாம்ல?" என்றார் சாராயக்கடை யூசா.

"இந்த ஜன்னலும் திறந்துதான் இருக்கு," என்றார் அன்சாய்.

"தெரியுது அன்சாய்-சான். திறந்தே இருக்கட்டும், காத்து வரட்டும்."

யூசாவுக்கு அன்சாயோடு பழைய கணக்கு ஒன்று உண்டு. கமிசவாவில் இலையுதிர் காலம் வந்தால், இனோஹானா காளான் போட்டு வடித்த சோற்றைத் தான் மட்டும் தின்கிறவன் மனிதனே இல்லை. அக்கம்பக்கத்துக்கு ஒரு டப்பா போயாக வேண்டும். வாங்கியவரும் டப்பாவை வெறுமனே திருப்பக் கூடாது. நாலு கிழங்கோ, இரண்டு இனிப்போ உள்ளே இருக்க வேண்டும். அன்சாய் வேலைக்குச் சேர்ந்த புதிதில் யூசா ஒரு டப்பா கொடுத்தார். மறுநாள் அது பளபளவென்று கழுவித் திரும்பி வந்தது. உள்ளே அன்சாய் ஒன்றும் வைக்காமல் இல்லை. சோற்றை அளந்த முடிவை முத்திரை குத்தி மடித்து வைத்திருந்தார்.

அதற்கப்புறம் யாரும் அவருக்கு எதுவும் கொடுத்ததில்லை. அதை அவர் மரியாதை என்றே எடுத்துக்கொண்டார், இரண்டு வருஷம் முன்பு கனாயே வந்து சேரும்வரை. அவள் மேஜை மீது இன்று முள்ளங்கி ஊறுகாய், நாளை அரிசிக் கொழுக்கட்டை. யார் எதைக் கொண்டுவந்தார்கள் என்பது கனாயேவுக்கு மறந்தாலும் அன்சாய்க்கு மறக்காது.

இந்தச் சமயத்தில்தான் கிராமத் தலைவர் ஷிகா புதிய பதவி ஒன்றை உண்டாக்கினார். கமிசவா மக்கள் உணவு நம்பிக்கை அளவீட்டு மேம்பாட்டு மைய இயக்குநர். மையம் என்பது அதே அறைதான். இயக்குநரால் இயக்கப்படப் போகிறவர் ஒரே ஒருவர். ஆனாலும் பலகையில் பேர் வரும். அறுவடை விழாவில், சேப்பங்கிழங்குக் குழம்பின் முதல் கிண்ணத்தைத் தொலைக்காட்சிக்காரர்கள் முன்னால் தான் குடித்துவிட்டு, இயக்குநர் யார் என்று அறிவிக்கப்போவதாகத் தலைவர் சொல்லியிருந்தார்.

குழம்புக்கான சாமான்களை அளக்கும் பொறுப்பு கனாயேவிடம் போனது. அன்று முதல் அன்சாய்க்கு நெஞ்சு படபடத்தது. படியேறினால் அல்ல, பக்கத்து ஜன்னலில் யாராவது சிரித்தால். ஊர் வைத்தியர் காதை வைத்துக் கேட்டுவிட்டு, நகரத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். விழாவுக்கு முந்தின நாள் அங்கே கையில் ஊசி போட்டு, பெரிய கேமராவுக்குக் கீழே படுக்கவைத்து இதயத்தைப் படம் எடுத்தார்கள். "கதிர்வீச்சு மருந்துங்க, பயப்படாதீங்க," என்றாள் நர்ஸ். தன்னிடம் போய் இதைச் சொல்கிறாளே என்று அவருக்கு வந்த கோபத்தில், அதற்குமேல் அவள் சொன்ன எதுவும் காதில் ஏறவில்லை. இதயத்தில் ஒரு கோளாறும் இல்லை என்று தெரிந்தது. அதிலும் அவருக்கு வருத்தம்தான்.

மறுநாள் பள்ளி மைதானத்தில் ஆள் உயரக் கொப்பரையில் குழம்பு கொதித்தது. கனாயே தலையில் துண்டு கட்டிக்கொண்டு கிண்டிக் கொண்டிருந்தாள். "கனாயே-சான், இங்க பாருங்க!" என்று தொலைக்காட்சிக்காரர்கள் கூப்பிட்டார்கள். தலைவர் கிண்ணத்தை இரண்டு கையாலும் ஏந்தி, கேமரா தன் முகத்துக்கு வரட்டும் என்று காத்திருந்தார்.

அன்சாய்க்குக் கை சும்மா இருக்கவில்லை. விழாக்கோட்டுக்குள்ளிருந்து கையடக்க அளவுமானியை எடுத்து, நெஞ்சோடு அணைத்துப் பிடித்து, கொப்பரையிடம் போய் முடுக்கினார். முதலில் தள்ளி நின்று வெறும் இடத்தை அளந்து பார்க்க வேண்டும் என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் பாடம் எடுத்தவர் அவர்தான். அன்று அவர் எதையும் பார்க்கவில்லை.

மானி டிக் டிக்கென்று ஆலங்கட்டி மழை போலக் கொட்டியது.

"நிறுத்துங்க! யாரும் வாயில வைக்காதீங்க!" என்று கத்தினார். கத்தலில் ஆனந்தம் இருந்ததை அவரே கேட்டார்.

தலைவரின் வாய் திறந்தபடியே நின்றது. கேமரா அப்போது பார்த்து அங்கே திரும்பியது. யூசா தன் கிண்ணத்தைப் பின்னால் ஒளித்தார்.

கனாயே வந்து மானியை வாங்கினாள். கொப்பரை மேல் நீட்டினாள். ஒன்றிரண்டு டிக், அவ்வளவுதான். அன்சாயின் பக்கம் திருப்பினாள். மழை மறுபடி பிடித்துக்கொண்டது. அவருடைய விழாக்கோட்டின் அகலக் கை மேலேறியிருந்த இடத்தில், முழங்கை மடிப்பில், வெள்ளைப் பஞ்சு ஒட்டியிருந்தது. அவள் அதைப் பார்த்தாள். அவள் பார்த்ததை அவர் பார்த்தார். காலுக்கடியில் பூமி பிளந்தால் தேவலை போல இருந்தது.

கனாயே சட்டென்று மானியை அணைத்தாள். "பேட்டரி போச்சு," என்றாள் உரக்க. "பழசாயிடுச்சு, கண்டபடி கத்துது. நாங்க மாத்தியிருக்கணும். குழம்புக்கு ஒண்ணுமில்ல, குடிங்க."

தலைவர் திறந்த வாயை மூடி, தொண்டையைக் கனைத்தார். வாய் பிளந்து நின்ற படம் மாலைச் செய்தியில் வரும் என்பது அவருக்கு உறைத்துவிட்டது.

"அன்பான கிராம மக்களே! நீங்க இப்போ பாத்தது, முன்கூட்டியே திட்டமிட்ட பாதுகாப்பு ஒத்திகை. தலைவர் குடிக்கிற குழம்பைக்கூடச் சந்தேகப்படுற கிராமம் இது! இந்த ஒத்திகையை நடத்தின அன்சாய் தெட்சுரோ அவர்களே நம்ம புதிய இயக்குநர்!"

கைதட்டல் தயங்கித் தயங்கி வந்தது. முதலில் தட்டியவள் கனாயே.

"ஒத்திகைன்னா முன்னாடியே சொல்லக்கூடாதா? கிண்ணத்தை ஒளிச்சதுல குழம்பெல்லாம் என் கோட்டுல கொட்டிடுச்சு," என்று யூசா முணுமுணுத்தது மட்டும் அன்சாய்க்குத் தெளிவாகக் கேட்டது.

கூட்டம் கலைந்ததும் கனாயே அவரிடம் வந்தாள்.

"ஸ்கேன் எடுத்தீங்களா?"

"நேத்து."

"அடுத்த வாரம் வரைக்கும் மெஷின் பக்கம் வராதீங்க. உங்க உடம்புல இருக்கற மருந்தால எல்லா எண்ணும் ஏறிடும். நான் பாத்துக்கறேன்." துணியில் முடிந்த ஒரு டப்பாவை நீட்டினாள். "இனோஹானா சோறு. இயக்குநர் ஆனதுக்கு."

தான் இயக்குநர் ஆனதே இவள் போட்ட பிச்சை, அதற்கு மேல் சோறு வேறு என்று நினைத்துக்கொண்டே அன்சாய் வாங்கினார். வழக்கப்படி கால்கள் சோதனை அறைக்குப் போயின. கதவில் கை வைத்தபோதுதான் உறைத்தது. இன்று அவர் இருக்கும் அறையில் எதையும் அளக்க முடியாது. கனாயேவை அளக்கச் சொல்லலாம். அதற்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்.

வீட்டுக்குப் போய், டப்பாவைத் திறந்து, அதையே வெகுநேரம் பார்த்தார். வாசம் அறையெல்லாம் நிறைந்தது. ஒரு வாய் எடுத்தார். அப்புறம் நிறுத்தவில்லை. இரண்டு வருஷமாக இதைத்தானே அவள் மேஜையில் அடுக்கிவிட்டுப் போனார்கள் என்று நினைத்தபோது, கோளாறே இல்லாத இதயம் மறுபடி படபடத்தது.

ஒரு பருக்கை மிச்சமில்லாமல் வழித்துவிட்டு டப்பாவைக் கழுவினார். வெறுமனே திருப்பக் கூடாது. அலமாரியைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். அவளுடையதை விட ஒரு படியாவது உசத்தியாக எதையாவது வைக்க வேண்டும். என்ன வைப்பதென்றுதான் தெரியவில்லை.