பூட்டியிருந்த லாப்டாப்புகள்

பிரிக்பீல்ட்ஸில் ஒரு தேவாலயத்தின் பின்னறையில் சனிக்கிழமைதோறும் கூடி, லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் பழகும் குழுவைத் தொடங்கியவன் லியோனல். பெட்டாலிங் ஜெயாவில் ஓர் அலுவலகத்தின் கணினிகளைப் பராமரிப்பது அவன் வேலை. குறைந்த விலையில் எந்த லாப்டாப் வாங்கலாம், அதில் லினக்ஸ் ஓடுமா என்று எல்லோரும் அவனைத்தான் கேட்பார்கள். அவனும் சலிக்காமல் நெடுநேரம் விளக்குவான். கேட்டவர் தலையாட்டிவிட்டு, பெரும்பாலும் எதையும் வாங்காமலே போய்விடுவார்.

சந்திரகலா வந்து சேர்ந்ததும் அது மாறியது. கிள்ளானில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள் அவள். யாராவது லாப்டாப் பற்றிக் கேட்டால், "இத வச்சு என்ன செய்யப் போறீங்க?" என்று முதலில் கேட்பாள். பதிலைக் கேட்டுவிட்டு ஒரே ஒரு மாடலைச் சொல்வாள். அடுத்த வாரம் அவர் அதைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பார்.

ஒரு நாள் குழுவுக்கு வரும் டொரத்தி ஆன்டி தன் லாப்டாப்பில் இடமே இல்லையென்று புலம்பினார். லியோனல் அவருக்கு ஏற்கெனவே ஒரு பக்கம் நிறைய டெர்மினல் கட்டளைகளை எழுதிக் கொடுத்திருந்தான். சந்திரகலா டெர்மினலின் கறுப்புத் திரையில் ஒரு வார்த்தையைத் தட்டினாள். எந்தக் கோப்புறை எவ்வளவு இடத்தை அடைத்திருக்கிறது என்று பெரியது முதல் சிறியதுவரை வரிசையாக வந்தது.

"ஆன்டி, இந்தக் கல்யாண வீடியோ நாலு தடவ இருக்கு. நாலும் வேணுமா?"

"ஐயோ, ஒண்ணு போதும்லா!" ஆன்டி கைதட்டிச் சிரித்தார். "நீதான்மா புரியிற மாதிரி சொல்ற!"

லியோனலும் சிரித்தான். ஆனால் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்த ஒரு வாக்கியம்தான் காதில் ஓடியது. அப்போ நான் இத்தனை வருஷம் சொன்னது? அதன்பிறகு குழுவின் வாட்ஸ்அப்பில் அவள் பதில் போடுவதற்கு முன்பே தான் போட்டுவிட வேண்டும் என்று அலுவலகக் கூட்டத்திலும் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் செய்த எழுத்துப்பிழையைக்கூட எல்லோர் முன்னாலும் திருத்தினான். அவள் "தேங்ஸ்ணே" என்று போட்டாள். அது அவனை இன்னும் எரித்தது.

பண்டமாரானில் துறைமுகத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கான டியூஷன் நிலையம் ஒன்றுக்குப் பழைய லாப்டாப்புகள் தேவைப்பட்டன. நிலையத்தை நடத்தும் அமுதவள்ளி டீச்சர் கேட்டது சந்திரகலாவைத்தான். அவளோ லியோனலையும் கூட அழைத்தாள்.

ஸ்ரீ கெம்பாங்கானில் ரெங்கசாமியின் கடை. அலுவலகங்கள் கழித்துப் போட்ட லாப்டாப்புகள் அங்கே அட்டைப் பெட்டிகளில் அடுக்கியிருந்தன. சந்திரகலா எட்டைப் பிரித்து வைத்தாள்.

"அண்ணே, கீபோர்டு, பேட்டரி நான் பாக்குறேன். லினக்ஸ் போட விடுதான்னு நீங்க பாருங்க."

லியோனல் முதல் லாப்டாப்பைப் போட்டு, கணினி தொடங்கும்போது வரும் ஆரம்ப அமைப்புக்குள் போகும் விசையை அழுத்தினான். கடவுச்சொல் கேட்டது. பழைய கம்பெனி போட்ட பூட்டு. அது இருந்தால் பென்டிரைவிலிருந்து லினக்ஸை ஏற்றவே முடியாது. அடுத்ததிலும் அதே பூட்டு.

சொல்ல வாயெடுத்தான். அந்த நேரம் ரெங்கசாமி சந்திரகலாவிடம், "நீங்க ரொம்ப வெவரமா பாக்குறீங்க மிஸ்" என்றார்.

"பாத்தீங்களாண்ணே?" என்று அவள் திரும்பிக் கேட்டாள்.

"பாத்துட்டேன்," என்றான் லியோனல்.

அடுத்த சனிக்கிழமை குழுவுக்கு அமுதவள்ளி டீச்சரும் வந்திருந்தார். வாங்கி வந்திருந்த லாப்டாப்புகளைச் சந்திரகலா ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள். எட்டும் கடவுச்சொல் கேட்டன. இந்த நிமிடத்துக்காகத்தான் லியோனல் காத்திருந்தான். எழுந்து போய்ப் பிரச்சினையை விளக்கி, எல்லோர் முன்னாலும் தீர்வு சொல்ல வேண்டும்.

அவன் எழுவதற்குள் டீச்சர் கேட்டார்: "வாங்கறப்போ செக் பண்ணலியாம்மா?"

"எல்லாத்தையும் நானே பாத்திருக்கணும் டீச்சர். என் தப்புதான்."

அவள் அவன் பக்கம் திரும்பவே இல்லை.

"அவ தப்பில்ல," என்றான் லியோனல். "அத செக் பண்ண வேண்டியது நான். லாக் இருந்துச்சு, பாத்தேன். சொல்லல."

"ஏன்?" என்றார் டொரத்தி ஆன்டி.

சந்திரகலாவின் முகம் மாறியதிலிருந்து அவளுக்குக் காரணம் விளங்கிவிட்டது என்று லியோனலுக்குத் தெரிந்தது.

மறுநாள் எட்டையும் தன் காரில் ஏற்றிக்கொண்டு லியோனல் தனியாக ரெங்கசாமியின் கடைக்குப் போனான். பூட்டு இருந்தது தனக்குத் தெரியாது என்று ரெங்கசாமி வருத்தப்பட்டு, வேறு லாப்டாப்புகளைக் கொடுத்தார். லியோனல் ஒவ்வொன்றிலும் கடைக்குள்ளேயே லினக்ஸை ஏற்றிப் பார்த்துவிட்டு, பண்டமாரானுக்குக் கொண்டுபோனான்.

சந்திரகலா அங்கே இருந்தாள். ஒன்றை வாங்கி, தானும் ஒருமுறை போட்டுப் பார்த்தாள். பிறகு அடுத்தது. எட்டையும் பார்த்தாள். அவன் நின்றுகொண்டே இருந்தான்.

"சரியா இருக்கு," என்றாள் கடைசியில். "அண்ணே, உங்களுக்கு என்னைப் புடிக்கலன்னா என்கிட்டயே சொல்லுங்க. பிள்ளைங்க சாமான்ல காட்டாதீங்க."

"புடிக்காம இல்ல கலா. எல்லாரும் ஒங்கிட்டயே வர்றாங்க. அது எனக்குத் தாங்கல."

அவள் லாப்டாப்புகளின் கம்பிகளை எடுத்துச் செருக ஆரம்பித்தாள். செருகிக்கொண்டே, "அந்த மூலையில ரெண்டுல வைஃபை வரல. பாக்குறீங்களா?" என்றாள்.

லியோனல் உட்கார்ந்து டெர்மினலைத் திறந்தான். பிள்ளைகள் ஓடி வந்து சந்திரகலாவைச் சூழ்ந்துகொண்டு, அக்கா அக்கா என்று கூவினார்கள். அவனுக்கு உள்ளே சுருக்கென்றது. தலையைத் தூக்காமல் கட்டளையைத் தட்டினான்.