பத்துக்கு நாலு

தகர டப்பா என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். டீச்சர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

டீச்சர் என்றால் பள்ளிக்கூட டீச்சர் இல்லை. பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற டீச்சர். சேர்த்துவைத்ததையெல்லாம் கொட்டி அவள் வாங்கியது ஒரு கொரியாக்காரன் கம்பெனியின் சின்ன வண்டி. சந்தையில் இருப்பதிலேயே மலிவானது. வாங்கி வந்த அன்றே அவள் அண்ணன் வாசலில் நின்று பானட்டை விரலால் தட்டிப் பார்த்தான்.

"என்னடி, பிஸ்கட் டின் சத்தம் வருது? இதுக்குப் பெட்ரோல் ஊத்தணுமா, சாவி முறுக்கிவிட்டா ஓடுமா?"

அவனுக்கு எப்போதுமே வாய் நீளம். டீச்சருக்குச் சுருக்கென்று குத்தியது. ஆனாலும் விடவில்லை. "உன் பெரிய கம்பெனி வண்டி பாதி நாள் ஒர்க்‌ஷாப்லதானே படுத்துக் கிடக்கு? முதல்ல அதை எழுப்பு. அப்புறம் வந்து என் வண்டியைத் தட்டு."

மலிவு வண்டிக்காரர்களுக்கென்று ஒரு ரோஷம் உண்டு. யாராவது ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், பெற்ற பிள்ளையைச் சொன்ன மாதிரி வரிந்துகட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். டீச்சரும் அப்படித்தான். அவளிடம் கற்றுக்கொண்ட பெண்களில் பாதிப் பேர் பிறகு அதே வண்டியைத்தான் வாங்கினார்கள். கால் பழகின வண்டி, டீச்சர் நல்லது என்று சொன்ன வண்டி, வேறு என்ன வேண்டும்? ஊரைச் சுற்றிப் போகிற ரோட்டில் கம்பெனி ஒரு பெரிய போர்டு வைத்திருந்தது: 'வாடிக்கையாளர் திருப்தியில் முதலிடம்'. அந்த வழியாகப் போகும்போதெல்லாம் டீச்சருக்குக் கொஞ்சம் தலை நிமிரும். அந்த முதலிடம் எப்படி வந்தது என்று அப்போது அவளுக்குத் தெரியாது. தெரிந்தபோது எல்லாம் கைமீறிப் போயிருந்தது.

தையலக்கா வந்து சேரும்போது அவளுக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. தைத்த துணியை மூட்டை கட்டி பஸ்ஸில் கடை கடையாகத் தூக்கிப் போய்க் கொடுத்தே ஒரு பக்கத் தோள் இறங்கிப்போனவள். "அம்மா, நீ ஓட்டக் கத்துக்கோ, வண்டி நான் வாங்கித் தர்றேன்" என்று வெளியூரில் இருக்கிற மகள் சொல்லியிருந்தாள். புருஷனோ, "உனக்கெல்லாம் எங்க வரப்போகுது? நீ ரோட்டுக்கு வந்தா நான் வீட்டை விட்டு வெளிய வரமாட்டேன்" என்று சிரித்தார். அதைக் கேட்டுக் கேட்டு அவளே பாதி நம்பிப்போயிருந்தாள்.

ஒவ்வொரு நாளும் வகுப்பு முடிந்து இறங்கும்போது கதவைப் பிடித்துக்கொண்டு கேட்பாள். "டீச்சர், இன்னிக்குப் பத்துக்கு எத்தனை?"

இந்த விஷயத்தில் டீச்சர் கறார். "மூணு."

"மூணா? நேத்தும் மூணுதானே!"

"நேத்தும் வண்டியை நிறுத்தினீங்க, இன்னிக்கும் நிறுத்தினீங்க."

ஒரு நாள் நாலு கிடைத்தது. தையலக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. "நாலா! பள்ளிக்கூடத்துலகூட எனக்கு இவ்வளவு வந்ததில்ல டீச்சர்" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "பத்து எப்ப குடுப்பீங்க?"

"பெரிய ஜங்ஷனை நிக்காம தாண்டுங்க. அன்னிக்குத் தர்றேன்."

நிற்பதுதான் பிரச்சினையே. போய்க்கொண்டிருக்கிற வண்டி பொசுக்கென்று செத்துப்போகும். கற்றுக்கொள்கிறவர்கள் கிளட்ச்சை வெடுக்கென்று விட்டால் எந்த வண்டியும் நிற்கும், அது எல்லாருக்கும் தெரிந்த கதை. அதனால் டீச்சரும் யோசிக்காமல் ஒரே பாட்டைப் பாடுவாள். "கிளட்ச்சை விட்டுட்டீங்களேக்கா!"

"இல்லையே டீச்சர், அமுக்கித்தானே வெச்சிருந்தேன்?"

"அமுக்கியிருந்தா ஏன் நிக்குது? வண்டி என்ன, உங்ககிட்ட கோவிச்சுக்கிட்டு நிக்குதா?"

தையலக்கா தானே ஒரு காரணம் கண்டுபிடித்துச் சொல்வாள். "மெஷின் மிதிச்சு மிதிச்சுக் கால் மரத்துப்போச்சு போல டீச்சர். இனிமே பாத்து வைக்கிறேன்."

இப்படி இருக்கும்போதுதான் ஒரு நாள், டீச்சர் தனியாக வீட்டுக்குப் போகையில், பாலத்து ஏற்றத்தில் வண்டி நின்றது. பக்கத்தில் கற்றுக்கொள்கிற ஆள் யாரும் இல்லை. பழி போட வேறு கால் இல்லை. பின்னால் வந்தவனெல்லாம் ஹாரன் அடித்து வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டுப் போனான். டீச்சர் மறுநாளே வண்டியைக் கம்பெனிக்காரர்களிடம் கொண்டுபோய் விட்டாள்.

சர்வீஸ் சென்டரில் வண்டியை வாங்கி வைத்து, கழுவித் துடைத்து, உள்ளே வாசனையெல்லாம் அடித்துத் திருப்பிக் கொடுத்தார்கள். கொடுத்தவன் வாடிக்கையாளர்களைக் கவனிக்கிற சின்ன வயசு அட்வைசர். டை கட்டியிருந்தான், ஆனால் சட்டைக் காலர் நைந்து நூல் தெரிந்தது.

"கம்ப்யூட்டர்ல மாட்டிப் பாத்துட்டோம் மேடம். ஒரு கோளாறும் காட்டல. டிரைவிங் ஸ்கூல் வண்டி இல்லையா, கத்துக்கறவங்க கால்ல மாட்டினா அப்படித்தான்."

"ஓட்டினது நான்ப்பா!"

அவன் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினான். மேடம் போய் அக்கா வந்தது. "அக்கா, உங்ககிட்ட மறைப்பானேன். இப்படி நின்னுபோற வண்டி இன்னும் சிலது வந்திருக்கு. மேல சொல்லியிருக்கோம், பதில் இல்ல. நாளைக்குக் கம்பெனியிலிருந்து ஒரு பொண்ணு போன் பண்ணும். பத்துக்கு எத்தனைன்னு கேக்கும். பத்துன்னு சொல்லிடுங்கக்கா. ஒன்பது சொன்னாக்கூட எங்களுக்கு அது முட்டைதான். என்கூட இருந்தவனுக்கு ஒருத்தர் எட்டு போட்டாரு. அவனை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க."

"வண்டி சரியாகலையேப்பா. எப்படிப் பத்து சொல்றது?"

"நீங்க மார்க் போடறது வண்டிக்கு இல்லக்கா. எனக்கு."

மறுநாள் போன் வந்தது. டீச்சருக்கு அந்த நைந்த காலர்தான் கண்முன் நின்றது. பத்து என்றாள். வண்டியில் ஏதாவது குறை உண்டா என்று அந்தப் பெண் கேட்டாள். டீச்சர் ஒரு கணம் தயங்கி, "ஒண்ணும் இல்லம்மா" என்றாள். முழுத் திருப்தியா மேடம் என்றதற்கு, "முழுத் திருப்தி" என்றாள். நம் கையை விட்டு என்ன போகிறது, ஒரு பையன் பிழைத்துப்போகட்டும் என்றுதான் நினைத்தாள். நல்ல மனசுதான், யார் இல்லை என்றது? அதற்கப்புறமும் வண்டி நின்றது. கொண்டுபோய் விட்டாள், வாசனையோடு திரும்பி வந்தது, போன் வந்தது, பத்து கொடுத்தாள். இப்படியே நடந்தது.

சரி, உண்மை தெரிந்த பிறகாவது தையலக்காவைத் திட்டாமல் இருந்தாளா? அதுதான் இல்லை. வண்டி சரியில்லை என்று வெளியே தெரிந்தால் யார் கற்றுக்கொள்ள வருவார்கள்? தன் பேச்சைக் கேட்டு வாங்கினவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது? மாற்று வண்டி வாங்க அவளுக்கு வக்கும் இல்லை. வண்டி மேல் சந்தேகம் வந்தபோதெல்லாம் அதைத் தூக்கித் தையலக்காவின் காலில் போட்டாள்.

பெரிய ஜங்ஷனுக்குப் போன நாள் நல்ல வெளிச்சமான காலை. தையலக்கா அன்றைக்கு அப்படி ஓட்டினாள். ஒரு குலுக்கல் இல்லை, ஒரு பதற்றம் இல்லை. பச்சை விழுந்தது. "போங்கக்கா, போங்க, நல்லாப் போறீங்க" என்றாள் டீச்சர். நடுவில் கியர் மாற்றத் தையலக்கா கிளட்ச்சை அமுக்கினாள். கற்றுக்கொடுக்கிற வண்டியில் இந்தப் பக்கமும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் உண்டு. அங்கே அமுக்கினால் இங்கேயும் இறங்கும். ஜங்ஷனாயிற்றே என்று டீச்சரும் அதன் மேல் காலை வைத்து அடிவரைக்கும் அழுத்திப் பிடித்தாள். இரண்டு கால் அழுத்திய கிளட்ச். அதற்கப்புறம் எந்தக் காலாலும் இன்ஜினை நிறுத்த முடியாது.

இன்ஜின் நின்றது. ஸ்டியரிங் கல்லாக இறுகியது.

அந்த ஒரு நொடியில் டீச்சருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஆனால் பாழாய்ப்போன வாய், பழகினதைத்தான் சொன்னது. "கிளட்ச்சை விட்டுட்டீங்களேக்கா!"

"ஐயோ, மன்னிச்சுக்கோங்க டீச்சர்" என்று தையலக்கா குனிந்து சாவியைத் திருகினாள். வண்டி கிளம்புவதற்குள் சிக்னல் மாறி, பக்கவாட்டிலிருந்து வந்த லாரி அவள் பக்கத்துக் கதவில் மோதியது.

டீச்சருக்கு நெற்றியில் ஒரு பிளாஸ்திரியோடு போயிற்று. தையலக்காவை ஐசியூவில் வைத்தார்கள். விசாரிக்க வந்த அதிகாரி, ஓட்டத் தெரியாதவர் நடுரோட்டில் வண்டியை நிறுத்திவிட்டார் என்று முடிவே கட்டியிருந்தார். வண்டி தானாக நின்றது என்று டீச்சர் எவ்வளவோ சொன்னாள். "கம்பெனியில கேட்டாச்சும்மா. வண்டியில ஒண்ணும் இல்லையாம்" என்றார் அவர்.

டீச்சர் நேராக சர்வீஸ் சென்டருக்குப் போனாள். மேனேஜர் மரியாதையில் ஒரு குறை வைக்கவில்லை. உட்காரச் சொன்னார், காபி வரவழைத்தார், கம்ப்யூட்டரில் எதையோ அமுக்கினார். டீச்சரின் குரலே அந்த அறையில் பேசியது. ஒண்ணும் இல்லம்மா. முழுத் திருப்தி. ஒன்று முடிந்ததும் அடுத்தது, அதற்கடுத்தது. எல்லாவற்றிலும் பத்து.

"உங்க குரல்தானே மேடம்?"

பின்னால் நின்றிருந்த அட்வைசரை டீச்சர் திரும்பிப் பார்த்தாள். "நீ சொல்லு தம்பி. வேற வண்டியும் இப்படி வந்திருக்குன்னு அன்னிக்குச் சொன்னியே? ஒரு பொம்பளை அங்க சாகக் கிடக்கா. சொல்லுப்பா!"

அவன் தன் ஷூவைப் பார்த்தான். "அப்படிச் சொன்னதா ஞாபகம் இல்ல மேடம்."

மேடமாம்! பத்து கேட்கும்போது அக்கா. அவன் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. காலர் இன்னும் நைந்துதான் கிடந்தது. டீச்சர் எழுந்து வந்துவிட்டாள்.

வெளியே நின்று தன்னிடம் கற்று அதே வண்டியை வாங்கிய ஒருத்திக்குப் போன் போட்டாள். "உன் வண்டி ஓடும்போது நிக்குதாடி?"

"நிக்கும் டீச்சர். நான்தான் கிளட்ச்சை விட்டுடறேன். நீங்கதான் எப்பவும் சொல்வீங்களே."

"கம்பெனியில போன் பண்ணிக் கேட்டப்ப என்ன சொன்னே?"

"பத்து குடுத்துட்டேன். பாவம் அந்தப் பையன்."

"வண்டி நிக்கறது உன் தப்பு இல்லடி. வண்டி தப்பு. எனக்காக போலீஸ்ல வந்து இதைச் சொல்லுவியா?"

"டீச்சர், நான் அதை விக்கலாம்னு இருக்கேன். இப்பப்போய் இப்படிச் சொன்னா யாரு வாங்குவா? கோவிச்சுக்காதீங்க." டீச்சர் வேறு யாருக்கும் போன் போடவில்லை.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனபோது தையலக்காவின் புருஷன் வராந்தா பெஞ்சில் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தார். மகளை உடனே வரச்சொல்லுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். "ஓட்ட வராது வராதுன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே, கேட்டாளா" என்று அழுதார்.

"அவங்க தப்பு இல்லீங்க. வண்டிதான் நின்னுச்சு."

"நீங்க நல்லவங்கம்மா. எங்களுக்காக மூடி மறைக்காதீங்க."

உள்ளே தையலக்கா கண் திறந்துதான் இருந்தாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி வந்தது. "டீச்சர், வண்டி ரொம்ப அடிபட்டுச்சா? உங்க பொழைப்பாச்சே."

"வண்டி நாசமாப் போகட்டும். அக்கா, நான் சொல்றதைக் கேளுங்க. கிளட்ச் அமுங்கித்தான் இருந்துச்சு. என் காலும் அது மேலதான் இருந்துச்சு. நீங்க நிறுத்தல. வண்டி தானா நின்னுச்சு. முன்னாடி நின்னதும் அப்படித்தான். எனக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே உங்களைத் திட்டினேன்."

அழுகிற குழந்தையைப் பார்க்கிற மாதிரி தையலக்கா அவளைப் பார்த்தாள். "விட்டுட்டீங்களேன்னு நீங்கதானே சொன்னீங்க."

"அது பொய்க்கா. சத்தியமாப் பொய்."

"ஜங்ஷன் வரைக்கும் நல்லாத்தான் ஓட்டினேன் இல்ல?"

"நல்லா ஓட்டினீங்க. பத்துக்குப் பத்துக்கா. நான் போடறேன், பத்து."

தையலக்கா தலையை மெல்ல ஆட்டினாள். உதட்டில் பழைய சிரிப்பு லேசாக வந்து போனது. "பாவம்னு போடாதீங்க டீச்சர். நாலே இருக்கட்டும்."

நேரமாகிவிட்டது என்று நர்ஸ் வந்து சொன்னாள். டீச்சர் கட்டில் கம்பியை விடாமல், பத்து, பத்து என்று அழுதாள். தையலக்கா கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். மறுநாள் மகள் வந்து சேருவதற்குள் அவள் போய்விட்டாள். நாலோடுதான் போனாள்.